மூன்று அமைச்சர்கள் பார்த்த எச்.ஆர். வேலை

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. சுமார் 1,500 தொழிலாளர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு நடத்த முதல்வர் மூன்று அமைச்சர்களை அனுப்ப வேண்டிவந்தது. ஆலையோ 2007இல் தொடங்கியது. பதினேழு ஆண்டுகளில் உள்ளேயே ஒரு மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் பழக்கம் வேர்விட்டிருந்தால், அமைச்சர்களுக்கு அங்கே என்ன வேலை?

அந்தத் தொழிலாளர்களின் சங்கத்தை அங்கீகரிப்பது சரியா, தவறா என்று நிறைய எழுதியாகிவிட்டது. (சங்கம் வைப்பது உரிமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அந்தச் சங்கம் 2025 ஜனவரியில் பதிவும் ஆகிவிட்டது.) நான் கேட்பது அதற்கு ஒரு படி முந்தைய கேள்வி. ஒரு கம்பெனி பெரிதாகும்போது, கீழே இருப்பவர் சொல்வதை மேலே கொண்டுபோவது யார் பொறுப்பு? ‘எச்.ஆர். இருக்கிறாரே’ என்பார்கள். மனிதவளத் துறை என்று பலகையும் தொங்கும். அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பவர் நாள் முழுக்க என்ன வேலை பார்க்கிறார்?

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 29 பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. இதுவரை சட்டமே நேரடியாகச் சொல்லிவந்த சில விஷயங்களை அவை கம்பெனிகளின் கையில் விட்டிருக்கின்றன. கம்பெனியின் கை என்றால், நடைமுறையில் எச்.ஆரின் கை.

இருபது பேர் வரை முதலாளியே போதும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறு பட்டறை. நான்கு லேத், இரண்டு மில்லிங், இருபது ஆட்கள். முதலாளிக்கு எல்லாரையும் தெரியும். யாருடைய அம்மாவுக்கு டயாலிசிஸ், யார் மகளுக்குக் காதுகுத்து, யார் வாங்கிய அட்வான்ஸ் இன்னும் பாக்கி என்பதெல்லாம் அவருடைய மனக்கணக்கில் இருக்கும். காலையில் திட்டுவார், மாலையில் சேர்ந்து டீ குடிப்பார். எழுதிவைத்த விதி ஒன்றும் கிடையாது. இதில் அநியாயமும் உண்டு: பி.எஃப். கட்டாமல் இழுத்தடிப்பது, பிடித்தவனுக்கு மட்டும் ஓ.டி. கொடுப்பது. ஆனால், யாரிடம் போய்க் கேட்பது என்ற குழப்பம் மட்டும் இல்லை.

ஆர்டர் பெருகுகிறது. ஆட்கள் எண்பது ஆகிறார்கள். இரண்டாவது ஷிப்ட் தொடங்குகிறது. அதை முதலாளி கண்ணால் பார்த்ததே இல்லை. நன்றாக மெஷின் ஓட்டுகிறார் என்பதால் ஒருவரை சூப்பர்வைசர் ஆக்குகிறார்கள். ஆட்களை நடத்தத் தெரியுமா என்று யாரும் யோசிப்பதில்லை. கணக்கெழுதிக்கொண்டிருந்தவரின் மேசையில் ஒருநாள் ‘எச்.ஆர். அண்ட் அட்மின்’ என்ற பலகை வந்து உட்காருகிறது. விரல்ரேகைக் கருவி பழுதானாலும், செக்யூரிட்டி வராவிட்டாலும், டீ கப் தீர்ந்துபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

முந்நூறு பேர் ஆகும்போது முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்து, எம்.பி.ஏ. படித்த ஒருவரை நியமிக்கிறார். அவர் ஆங்கிலத்தில் பாலிசி எழுதுகிறார். அதில் தவறில்லை; விதி என்று ஒன்று எழுத்தில் இருப்பது நல்லதுதான். இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ள பழைய ஆள் ஒருவர் அவசரத்துக்கு ஐயாயிரம் அட்வான்ஸ் கேட்கிறார். ‘பாலிசியில் இடமில்லை’ என்று பதில் வருகிறது. பணம் கிடைக்காததைவிட, முதலாளியின் அறைக்குள் இனி நேரே போக முடியாது என்று தெரிந்துகொண்டதுதான் அவரைச் சுடுகிறது.

வளர்ச்சி இப்படித்தான் பழைய காதை அடைத்துவிடுகிறது. புதிய காது திறக்காவிட்டால், சொல்ல வந்த விஷயம் வேறு வழி தேடும். வாட்ஸ்அப் குழுவில் பொருமலாக வரும். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போவதாக வரும். சில சமயம் நெடுஞ்சாலைக்கு வரும்.

மேஸ்திரியை ஒழிக்க வந்த அதிகாரி

இந்த வேலை நம் நாட்டில் எப்படிப் பிறந்தது என்பதை இன்றைய எச்.ஆர். பட்டதாரிகள் பலர் படித்திருக்க மாட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் மில்களில் ஆளெடுப்பதும் அனுப்புவதும் மேஸ்திரியின் கையில் இருந்தது. வேலை வேண்டுமென்றால் அவருக்கு மாமூல் தர வேண்டும். வட்டிக்குக் கொடுப்பவரும் பெரும்பாலும் அவரே. மில் நிர்வாகத்துக்குத் தொழிலாளியின் முகம் தெரியாது, மேஸ்திரியின் முகம்தான் தெரியும்.

சென்னையில் 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். அதற்கு முன், பெரம்பூர் மில் தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரு வணிகர்களிடம். அவ்வளவு பெரிய மில்லுக்குள் கேட்க ஆளில்லை, கடைக்காரர்கள் கேட்டார்கள்.

1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த, தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் இந்த நோயைச் சரியாகப் பிடித்தது. ஆளெடுக்கும், நீக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து பறித்து, தொழிலாளர் அதிகாரி என்று ஒருவரை நியமிக்க வேண்டும் என்றது. 1948இன் தொழிற்சாலைகள் சட்டம், 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்று எழுதியது. பல மாநிலங்களின் விதிகளில் ஓர் அருமையான நிபந்தனையும் இருந்தது: தொழிலாளிமீது நடக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நல அலுவலர் நிர்வாகத்துக்காக வேலை செய்யக் கூடாது. குறை கேட்பவர் கையில் பிரம்பு இருக்கக் கூடாது என்ற எளிய அறிவு.

அதே ஆள் பின்னால் பர்சனல் ஆபீசர் ஆனார், அப்புறம் எச்.ஆர். ஆனார். பெயர் மாற மாற, அவர் ஷாப் ஃப்ளோரிலிருந்து விலகி எக்செல் ஷீட்டுக்குள் போய்விட்டார். இன்றைக்கு மெமோ எழுதுவதும், விசாரணை நடத்துவதும், ‘ஏதாவது குறையிருந்தால் என்னிடம் தயங்காமல் சொல்லுங்கள்’ என்று சிரிப்பதும் ஒரே ஆள். யார் போய்ச் சொல்வார்கள்?

‘அவங்க எங்க ஆள் இல்லை’

மேஸ்திரியும் முழுதாகப் போய்விடவில்லை. கான்ட்ராக்டர் என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறார், ஜி.எஸ்.டி. எண்ணோடு.

2021 டிசம்பரில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டு, 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நம்பும்படி சொல்ல யாருமில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. நள்ளிரவில் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது.

விடுதி நடத்தியது ஒரு கான்ட்ராக்டர். ஆள் அனுப்பியதும் கான்ட்ராக்டர்தான். ரசத்தில் புழு கிடந்தால் ஒரு பெண் யாரிடம் சொல்ல வேண்டும்? வார்டனிடம் சொன்னால் திட்டு விழும். கம்பெனி எச்.ஆரிடம் போனால் ‘நீங்க எங்க ரோலில் இல்லை’ என்பது வழக்கமான பதில். அந்தப் பெண் செய்யும் போனின் தரத்தை அறை அறையாகச் சோதிக்க ஆள் இருந்தது. அவள் சாப்பிடும் தட்டைப் பார்க்க ஆளில்லை. விடுதிகள் சிலவும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

பிறகு அரசு இறங்கி, வல்லம் வடகாலில் ரூ.706.50 கோடியில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால், கட்டிடம் குறை கேட்காது.

திருப்பூரிலும் கோவையிலும் வேறு மாதிரிச் சோதனை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிஹார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. காவல் துறையினர் ஆலை ஆலையாகப் போய் இந்தியில் பேசித் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான வடமாநிலத்தவரை வைத்து லைன் ஓட்டும் பல பனியன் கம்பெனிகளில், அவர்களோடு அவர்கள் மொழியில் உட்கார்ந்து பேசக்கூடிய ஓர் அலுவலர் இல்லை. லைன் லீடரின் உடைந்த இந்தியை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் காலத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகச் சட்டமன்றம் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டமன்றம்! மாடி மாடியாக வளர்ந்த அந்தக் கடைகளிலெல்லாம் மனிதவளத் துறை இருந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நடுவில் நிற்பவரின் பாடு

எச்.ஆர். வேலையில் இருப்பவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. 2009 செப்டம்பரில் கோவையில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தின் மனிதவளத் துணைத் தலைவர் தாக்கப்பட்டு இறந்தார். 2012 ஜூலை 18 அன்று ஹரியாணாவின் மானேசரில் மாருதி ஆலைக் கலவரத்தில் மனிதவளப் பொது மேலாளர் தீயில் சிக்கி இறந்தார். முடிவுகள் எடுப்பது மேல்மாடியில். அடி விழுவது நடுவில் நிற்பவர்மீது.

ஓரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ இந்த வேலை பார்ப்பவர்களிடம் கொஞ்சம் நெருங்கிப் பேசினால் ஒரே புலம்பல்தான். காலையில் பஸ் வராவிட்டாலும் அவர்களுக்குத்தான் போன், ராத்திரி சாம்பார் புளித்தாலும் அவர்களுக்குத்தான் போன். உற்பத்தித் திட்டம் போடும் கூட்டத்துக்கு மட்டும் அழைப்பு வராது. அடுத்த மாதம் மூன்றாவது ஷிப்ட் என்பது அவர்களுக்கே தொழிலாளர்களோடு சேர்ந்துதான் தெரிகிறது.

ஐ.டி. துறையிலோ எச்.ஆர். என்ற சொல்லே வயிற்றைக் கலக்குகிறது. டி.சி.எஸ். 2025 ஜூலையில் தன் பணியாளர்களில் 2%, அதாவது 12,000க்கும் அதிகமானோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. தொழில்நுட்பம் மாறுகிறது, சில வேலைகள் போகத்தான் செய்யும். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அந்தச் செய்தி எப்படி வந்து சேர்கிறது என்பதே என் கவலை. ‘ஒரு சின்ன மீட்டிங்’ என்று காலண்டரில் அழைப்பு. உள்ளே முன்பின் தெரியாத ஒரு எச்.ஆர். ‘நீங்களே பேப்பர் போட்டுவிட்டால் அடுத்த கம்பெனிக்குப் போக வசதி’ என்ற ஆலோசனை. இந்தத் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் காட்சியை விவரிக்கத் தேவையில்லை.

புதிய சட்டம் விட்ட இடைவெளி

புதிய தொகுப்புகளில் சில நல்ல அம்சங்கள் உண்டு. எல்லாருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். செட்டில்மென்ட்டுக்காக மாதக்கணக்கில் நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு மறுதிறன் நிதியாக 15 நாள் ஊதியம் கிடைக்கும். நல அலுவலர் கட்டாயம் என்ற வரம்பு 500 பேரிலிருந்து 250 பேராக இறங்கியிருக்கிறது.

மறுபக்கம், நிலையாணை வேண்டும் என்ற வரம்பு முந்தைய மத்தியச் சட்டத்தில் இருந்த 100 பேரிலிருந்து 300 பேராக ஏறிவிட்டது. நிலையாணை என்பது ஷிப்ட், விடுப்பு, தண்டனை, பணிநீக்கம் பற்றி அரசு சான்றளித்த எழுத்துபூர்வ விதிகள். ஆட்குறைப்புக்கும் ஆலையை மூடவும் அரசின் முன் அனுமதி தேவை என்ற வரம்பும் அதேபோல 100இலிருந்து 300 ஆகியிருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 100 முதல் 249 பேர் வரை வேலை பார்க்கும் ஆலைக்கு மத்தியச் சட்டப்படி நிலையாணையும் கட்டாயமில்லை, நல அலுவலரும் கட்டாயமில்லை. பட்டறை கம்பெனியாக மாறும் பருவம் இதுதான். முதலாளி பழைய முதலாளியாக இல்லாமலும் புதிய நிர்வாகம் வேர்விடாமலும் இருக்கிற பருவம். இந்த அளவில் உள்ள ஆலைகள் அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் திருப்பூரிலும் கொஞ்சநஞ்சமா?

இங்கே கையில் மிஞ்சுவது ஒன்றே: 20 பேரோ அதற்கு மேலோ உள்ள எல்லா இடங்களிலும் குறைதீர்க் குழு இருந்தாக வேண்டும். நிர்வாகத்தரப்பும் தொழிலாளர்தரப்பும் சம எண்ணிக்கையில், அதிகபட்சம் பத்துப் பேர். பெண்கள் எத்தனை சதவீதம் வேலை பார்க்கிறார்களோ, அதற்குக் குறையாத பங்கு குழுவிலும் வேண்டும். மனு கொடுத்த 30 நாட்களில் முடிவு. பழைய சட்டத்திலும் இப்படி ஒரு குழு இருந்தது. பெரும்பாலான இடங்களில் அது ஆய்வாளர் வரும்போது எடுத்துக்காட்டும் ஒரு கோப்பு.

என்ன செய்யலாம்?

முதலில் அந்தக் கோப்பைக் குழுவாக மாற்ற வேண்டும். தொழிலாளர்தரப்பு உறுப்பினர்களை எச்.ஆர். கைகாட்டி நியமிக்கும் வழக்கம் போய், ஷிப்ட்வாரியாக வாக்குச்சீட்டு போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். கூட்டத்தின் தேதியும் முடிவும் கேன்டீன் சுவரில் தமிழிலும், தேவைப்படும் இடத்தில் இந்தி, ஒடியாவிலும் ஒட்டப்படட்டும். ‘பரிசீலிக்கப்படும்’ என்ற சொல்லுக்குத் தடை போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கான்ட்ராக்ட் ஆளின் குறையும் அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும். சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து போனாலும் அவர் ஏறும் பஸ், சாப்பிடும் கேன்டீன், படுக்கும் விடுதி ஆகியவற்றுக்கு ஆலையின் சொந்த எச்.ஆர். பதில் சொல்லட்டும். பல்லாயிரம் கோடி முதலீட்டுக்கு ஒப்பந்தம் போட்டு நிலமும் சலுகையும் தரும் மாநில அரசு, இந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்ப்பது கடினமில்லை.

குறை கேட்பவரும் தண்டனை கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்ற பழைய விதியைப் புதிய விதிகளிலும் எழுத வேண்டும். பெரிய கம்பெனியில் இரண்டு தனி ஆட்கள் வைக்கலாம். சிறியதில் விசாரணையை வெளியாள் ஒருவரிடம் விடலாம். உற்பத்தி எண்ணிக்கை பேசும் மாதாந்திரக் கூட்டத்தில் எச்.ஆருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். எத்தனை குறைகள் வந்தன, எத்தனை முடிந்தன, எத்தனை பேர் சொல்லாமல் நின்றுவிட்டார்கள் என்ற மூன்று எண்களை அவர் அங்கே வாசிக்கட்டும். எந்த ஷிப்ட்டில் ஆள் நிற்பதில்லை என்று பார்த்தாலே எந்த சூப்பர்வைசர் வாயைத் திறந்தால் வசவு என்று தெரிந்துவிடும்.

சூப்பர்வைசர்களுக்கு வருவோம். தொழிலாளிக்குக் கம்பெனி என்றால் அந்த ஒரு முகம்தான். மெஷினுக்குப் பயிற்சி தருவதுபோல, ஆளிடம் பேசவும் லீவு மறுக்கவும் அவருக்குப் பயிற்சி தர வேண்டும். பதவி தருவதற்கு முன்பே தர வேண்டும்.

ஆட்குறைப்பு தவிர்க்க முடியாதது என்றால், அதைச் சொல்ல வேண்டியவர் அந்த ஊழியரோடு இத்தனை நாள் வேலை பார்த்த மேலாளர். எச்.ஆர். பக்கத்தில் இருந்து கணக்கையும் காப்பீட்டையும் விளக்கலாம். ராஜினாமா எழுதி வாங்கும் வழக்கத்தைத் தொழிலாளர் துறை தானாக முன்வந்து விசாரிக்க வேண்டும், புகார் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அந்த 100-249 பேர் ஆலைகளுக்குத் தனியாக நல அலுவலர் வைக்கக் கட்டாது என்பார்கள். சரி, பத்து ஆலைகள் சேர்ந்து இருவரை வைக்கலாமே. தொழிற்பேட்டைச் சங்கங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் சோதனைக் கூடத்துக்கும் கூட்டாகப் பணம் போட்டுப் பழகியவைதான். 1952இலிருந்து நடக்கும் சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்ற இடங்களில் படித்துவரும் பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை. வாரத்தில் ஒருநாள் ஓர் ஆலை, முறை வைத்து. மாதத்தில் ஒரு ராத்திரி, முன்னறிவிப்பில்லாமல், விடுதிச் சாப்பாடு.

முதல் கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டாவதில் ஒருவர் கேன்டீன் சாம்பாரைப் பற்றிச் சொல்வார். அதை எழுதிக்கொண்டு, மறுவாரம் சாம்பாரை மாற்றிவிட்டு, மூன்றாவது கூட்டத்தைக் கூட்டுங்கள்.